மூப்பும் நொய்மையும்

“வயது போனால் அப்படித்தான்.”

யாழ்ப்பாணத்து வீடுகளில் இவ்வாசகம் கேளாத நாளில்லை. ஆச்சிக்குக் கால் உளைகின்றது. வயது போனால் அப்படித்தான். அப்பு முன்போற் சாப்பிடுகிறாரில்லை. வயது போனால் அப்படித்தான். மாமி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அதற்கும் அதே விடை. இதனைச் சொல்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். பல வேளைகளில் முதியவரே இதனை முதலிற் சொல்லி, மற்றையோர் மேலும் கேளாதபடி செய்துவிடுகின்றார்.

ஆனால், வயது என்பது ஒரு விடையாகுமா? எமது அயலிலே 78 வயதான இருவர் உளர். ஒருவர் விடியற்புறம் வெங்காயத் தறையில் இறங்கிக் களை பிடுங்குகிறார். வெயில் ஏறிய பின்னரே வீடு திரும்புகிறார். மற்றவரோ மூன்று நாட் காய்ச்சலில் விழுந்து, மூன்று மாதமாகியும் திண்ணையை விட்டு இறங்க இயலாதிருக்கிறார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள். ஒரே பாடசாலையிற் படித்தவர்கள். ஒரே கிணற்று நீரைக் குடித்தவர்கள். ஆண்டுக் கணக்கு இருவர்க்கும் ஒன்றே. ஆகவே, ஆண்டுக் கணக்கினுள் அடங்காத வேறொன்று இவர்களை வேறுபடுத்துகின்றது என்பது தெளிவு.

அந்த வேறொன்றை ஆங்கில வைத்தியர்கள் ‘பிரெயில்டி’ என்கின்றனர். தமிழிலே தளர்ச்சி என்னலாம், நலிவு என்னலாம். எமக்குப் பொருத்தமாகத் தோன்றுவது நொய்மை என்னுஞ் சொல். நொய்யரிசியை நம் தாய்மார் அறிவர். அதுவும் அரிசிதான், நிறத்திலும் சுவையிலும் குறைவில்லை. ஆயின், முழு அரிசி தாங்கும் கொதியை அது தாங்காது. அடுப்புச் சற்று ஓங்கி எரிந்தாற் குழைந்துவிடும். நொய்மையுற்ற முதியவரின் நிலையும் இதுவே. நாளும் பொழுதும் அமைதியாகச் செல்லும்வரை அவரிடத்துக் குறையொன்றும் தோன்றாது. ஒரு தடிமன், ஒரு வயிற்றோட்டம், ஒரு புதிய குளிசை, ஓர் இரவு நித்திரையின்மை என ஏதேனும் ஒரு சிறு கொதி வந்தவுடன் அவர் முற்றாகச் சாய்ந்துவிடுகின்றார். உடம்பு தன் ஒவ்வோர் உறுப்பிலும் சேமித்து வைத்திருந்த கைம்முதல் கரைந்து போயிருப்பதே இதற்குக் காரணம். நோய் வேறு, நொய்மை வேறு. நீரிழிவு உள்ள ஒருவர் திடமாக இருக்கலாம். பெயர் சொல்லத்தக்க நோய் எதுவுமில்லாத ஒருவர் நொய்மையுற்று இருக்கலாம்.

புதிய மருத்துவக் கருத்துக்குத் தமிழ்ச் சொல் தேடுவது எமது மண்ணுக்குப் புதிதன்று. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவருக்கு முன்னரே சித்த வைத்தியர்கள் நோயாளியை எட்டு வழிகளால் அறிந்தனர். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவ்வெட்டினுள்ளே மொழி இடம்பெற்றிருப்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். நோயாளி பேசும் குரலின் வலிமையையும் ஒரு சான்றாகப் பரிகாரியார் கொண்டார். ஆளை முழுமையாகப் பார்த்தல் என்பது நமக்கு அன்னியமான கொள்கையன்று.

மேலைநாட்டில் முதியோர் வைத்தியம் தனித்துறையாக வளர்ந்த வரலாற்றிலே ஒரு பெண்மணியின் பெயர் நினைக்கத்தக்கது. 1935 ஆம் ஆண்டில் இலண்டன் மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் இருந்த டாக்டர் மார்ஜரி வாரன் என்பாரிடம், அயலிலிருந்த ஏழையர் விடுதியின் 714 நோயாளர் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுட் பலர் ஆண்டுக்கணக்காகப் படுக்கையிற் கிடந்தவர்கள்; “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்று விடப்பட்டவர்கள். வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். இவருக்கு உண்மையில் என்ன குறை, இவரால் எது இயலும், எது இயலாது என்று வகைப்படுத்தினார். எழுப்பி இருத்தினார், நிறுத்தினார், நடக்கப் பழக்கினார். பலர் தத்தம் வீடுகளுக்கே திரும்பிச் சென்றனர். அவர்களைப் படுக்கையில் வைத்திருந்தது மூப்பு மாத்திரமன்று, ஆராயாமையுங்கூட என்பது அப்போது புலனாயிற்று.

நொய்மையை அளப்பதற்குத் தெளிவான ஓர் அளவுகோல் 2001 இல் வெளிவந்தது. அமெரிக்காவில் லிண்டா பிறீட் என்ற வைத்திய அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 65 வயதும் அதற்கு மேலுமான 5,000க்கு மேற்பட்டோரை ஆராய்ந்து ஐந்து குறிகளை வகுத்தனர். அவற்றில் மூன்றோ அதற்கு மேலோ காணப்படின் நொய்மை. ஒன்று அல்லது இரண்டு காணப்படின் அதன் முன்னிலை. இவ்வைந்தையும் நம் வீட்டு முற்றத்திற் கொண்டுவந்து பார்ப்போம்.

முதலாவது, தாமாக முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோ அளவுக்கு எடை குறைதல். தராசு இல்லாத வீட்டிலும் சட்டையின் தோள் இறங்கியிருப்பதையும், விரலிற் கிடந்த மோதிரம் கழன்று விழுவதையும் காணலாம். இரண்டாவது, எதைச் செய்தாலும் பெருமுயற்சியாகத் தோன்றும் களைப்பு. மூன்றாவது, கைப்பிடியின் வலிமை குறைதல். வைத்தியர்கள் இதற்கு ஒரு கருவி வைத்திருக்கின்றனர். நம் வீட்டிலே பாக்குவெட்டியும் தேங்காய்த் துருவலையும் போத்தல் மூடியும் அதே செய்தியைச் சொல்லும். நான்காவது, நடை மெலிதல். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதி சுற்றி வந்தவர், இவ்வாண்டு தேரடியில் ஓரிடத்தில் இருந்துவிட்டால், அது பக்தியின் குறைவன்று; காலின் குறைவு. ஐந்தாவது, நாளாந்த அசைவு சுருங்குதல். முன்பு படலை வரை, பின்பு முற்றம் வரை, இப்போது கட்டில் வரை என உலகம் சிறுத்துக்கொண்டே வரும்.

இது குளிர்நாட்டாரின் பிரச்சினை என்று எவரும் எண்ண வேண்டா. இலங்கையிலே கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் 60 வயதைக் கடந்தோரிடையே, இவ்வைந்து குறிகளையும் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2019 இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 15 பேரளவில் நொய்மையுற்றிருந்தனர். ஏறக்குறையப் பாதிப்பேர் அதன் முன்னிலையில் நின்றனர். இரண்டாவது எண்ணே எமக்கு மிக முக்கியமாகத் தோன்றுகின்றது. முன்னிலையில் நிற்பவரைத் திரும்ப அழைத்து வருதல் எளிது. மூன்றாம் குறியும் நான்காம் குறியும் வந்தபின் அது கடினம்.

எமது பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர்; வயது 81. பெரியம்மா காலமான பின் தனியே வசித்து வருகின்றார். சென்ற ஆண்டு மாரியில் இருமலென்று சொல்லி ஒரு கிளினிக்குக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். அங்கிருந்த இளம் பெண் டாக்டர் அவருடைய பழைய மாணவர் ஒருவரின் மகள். நெஞ்சைப் பார்த்து முடித்தபின் அவர் சொன்னார்:

“ஐயா, அந்தக் கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி, அந்தச் சுவர் மட்டும் நடந்து, திரும்பி வந்து இருங்கோ பாப்பம்.”

பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “நான் இருமலுக்கு மருந்தெடுக்க வந்தனான், பிள்ளை. பொம்பிளை பாக்க வந்தவை மாதிரி நடந்து காட்டச் சொல்லுறீர்!”

“இருமல் நாலைஞ்சு நாளிலை மாறிவிடும், ஐயா. எனக்கு உங்கட நடையைத்தான் பாக்க வேணும்.”

அவர் எழுந்தார், ஆனால் கையூன்றாமல் எழ இயலவில்லை. மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமர 19 விநாடிகள் சென்றன. 1991 முதல் வைத்தியர்கள் கையாண்டுவரும் எளிய சோதனை இது. 12 விநாடிகளோ அதற்கு மேலோ எடுப்பவர் விழும் அபாயமுடையவர் என்று கொள்வது இன்று பரவலாக உள்ள வழக்கம். 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழுகின்றனர் என்பதையும், முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவருட் பலர் பின்னர் பழைய நடையைப் பெறுவதில்லை என்பதையும் எண்ணினால், அந்தக் கதிரைச் சோதனையின் பெறுமதி விளங்கும்.

டாக்டர் அத்துடன் விடவில்லை. எடை நிறுத்தார், முந்திய ஆண்டுக் கிளினிக் கொப்பியில் இருந்ததைவிட ஆறு கிலோ குறைவு. படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற பின்னும் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். நின்றவுடன் அது 20க்கு மேல் இறங்கிற்று. குளிசைப் பையை மேசையிற் கொட்டச் சொன்னார். ஒன்பது வகை இருந்தன. அவற்றுள் இரண்டு, வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு பெயருடன் கொடுக்கப்பட்ட ஒரே மருந்து. ஒன்று நித்திரைக் குளிசை. கட்டுப்பல் தளர்ந்திருந்தது, ஆகவே அவர் சோற்றையும் பயற்றையும் விட்டுப் பாணைத் தேநீரில் நனைத்து உண்டு வந்தார். ஒரு கண்ணிற் புரை. மலசலகூடமோ வளவின் கோடியில், வழியில் வெளிச்சமில்லை. கடைசியாக டாக்டர் மெல்லக் கேட்டார்: “ஐயா, ஆரோட கதைக்கிறனீங்கள்?” பெரியப்பா சற்றுநேரம் பேசாதிருந்து, “றேடியோவோட” என்றார்.

ஒரு நோயின் பெயரும் இப்பட்டியலில் முதன்மையாக இல்லை என்பதை வாசகர்கள் கவனிப்பாராக. தளர்ந்த பல், கூடிய குளிசை, மங்கிய கண், இருண்ட முற்றம், தனிமை என்ற இவை ஒவ்வொன்றும் சிறியவை. எல்லாம் ஒருங்குசேர்ந்து ஒரு மனிதரை வீழ்த்தக் காத்திருந்தன. சிறியவையாக இருந்தமையாலேயே அவற்றைச் சீர்செய்யவும் முடிந்தது. குளிசைகள் ஒன்பது ஐந்தாயின. பல் திருத்தப்பட்டது. சைவ உணவினரான அவருக்கு உழுந்து, பயறு, பால், தயிர் ஆகியவை நாள்தோறும் ஒழுங்காயின. புரை அகற்றப்பட்டது. முற்றத்தில் விளக்கு ஏறிற்று. காலையும் மாலையும் கதிரையிலிருந்து பத்துமுறை எழுந்து இருத்தல் அவருக்கு நியமமாயிற்று. மாலையில் இரு பிள்ளைகள் அவரிடம் இலக்கணம் படிக்க வரலாயினர். ஆறு மாதத்தின் பின் இரண்டு கிலோ ஏறிற்று. 19 விநாடி 13 ஆயிற்று. இளமை மீளவில்லை, சைக்கிள் மீண்டும் வெளியே வரவில்லை. ஆனால், தம் காலால் தாமே கோயில் வாசலுக்குப் போய்வருகின்றார்.

இவ்வாறு உடல், மனம், மருந்து, உணவு, வீடு, உறவு ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராய்வது வெறும் நல்லெண்ணம் அன்று. பயன் கண்ட முறை. வைத்தியசாலைகளில் இம்முறை கையாளப்பட்ட 22 ஆய்வுகளை, 10,000க்கு மேற்பட்ட நோயாளரின் விவரங்களோடு, 2011 இல் ஒருங்குசேர்த்துப் பார்த்தனர். அவ்வாறு ஆராயப்பட்ட முதியோர், வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட, பின்னர் உயிரோடும் தம் சொந்த வீட்டிலும் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

இனி, நம்மவர் அன்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. முதியவர் மண்வெட்டியைத் தொட்டால், “ஐயா, நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்யிறம்” என்கிறோம். ஆச்சி உலையேற்றப் போனால் அகப்பையை வாங்கிவிடுகிறோம். சிறு காய்ச்சல் வந்தால் ஒரு கிழமைக்குக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. இதனை மரியாதை என்று கருதுகின்றோம். உடம்போ மரியாதையை அறியாது. உழைக்காத தசையை அது கரைத்துவிடும். 2007 இல் வெளியான ஓர் ஆய்விலே, நோயற்ற முதியோர் சிலர் தாமே இசைந்து பத்து நாட்கள் படுக்கையில் இருந்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்து போயிற்று. நோயில்லாதவர்க்கே இவ்வளவு எனின், நோயுற்றவர்க்குச் சொல்ல வேண்டுமோ? மூத்தோரிடமிருந்து சுமையை வாங்குவோம். தொழிலை வாங்க வேண்டா. கீரை ஆய்தல், பூக் கொய்தல், கோழிக்குத் தீனி இடுதல், பேரப்பிள்ளைக்குப் பாடஞ் சொல்லல் என அவரவர்க்கு இயன்றதொன்று அவர் கையில் இருக்கட்டும்.

எமது குடாநாட்டுக்கே உரிய ஒரு துன்பமும் இதிற் கலந்திருக்கின்றது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, தம் பெற்றோரைக் கைத்தாங்கலாகவும் சைக்கிளிலும் கொண்டு சென்றவர்கள் நாற்பது, ஐம்பது வயதினர். அவர்களே இன்று எழுபதையும் எண்பதையும் கடந்து நிற்கின்றனர். அவர்களைக் கைத்தாங்கலாகக் கொண்டு செல்ல வேண்டிய பிள்ளைகளோ பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் உள்ளனர். இரவிலே தொலைபேசியில் முகம் தோன்றும். “சுகமாய் இருக்கிறியளோ அம்மா?” “ஓம் பிள்ளை, நான் நல்லாய் இருக்கிறன். நீங்கள் குளிருக்கை கவனமாய் இருங்கோ.” இரு பக்கத்திலும் அன்பு, இரு பக்கத்திலும் பொய்யில்லை. ஆயினும், முன்னர் கூறிய குறிகளைத் தேடுவோர்க்கு அந்த முகம் சொல்வது மிகக் குறைவு. தொலைவிலிருக்கும் பிள்ளைகள் கேள்வியை மாற்றிக் கேட்டல் நன்று. இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்? கடைசியாக எப்போது சந்தைக்குப் போனீர்கள்? யாரையாவது தொலைபேசியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கதிரையிலிருந்து எழும்பிப் படலை மட்டும் நடந்து காட்டுங்கள், அம்மா! 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மூத்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வறிய பெற்றோர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரலாம். பணத்தைச் சட்டம் பெற்றுத் தரும். நடையைக் கவனிக்கும் கண்ணைச் சட்டத்தாற் பெற்றுத் தரல் இயலாது.

அளவுகோலுக்கு ஓர் அபாயமும் உண்டு. கனடாவிலே கென்னத் றொக்வூட் என்ற வைத்தியப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2005 இல் ஒரு படிவரிசையை வெளியிட்டனர். பின்னர் ஒன்பது படிகளாக விரிந்த அது, மிகத் திடமானவர் முதற் படியிலும், இறுதிக் காலத்தை அணுகியவர் ஒன்பதாம் படியிலும் நிற்க, இடைப்பட்டோரை அவரவர் இயலுமைப்படி வரிசைப்படுத்துவது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று இங்கிலாந்திற் பரவியபோது, தீவிர சிகிச்சை யாருக்குப் பயன் தரும் என்று தீர்மானிக்க இப்படிவரிசையையும் நோக்குமாறு அங்கே வழிகாட்டல் வெளியாயிற்று. அங்கவீனமுற்ற இளையோர்க்கும் இது பொருத்தப்படுமோ என்ற அச்சம் எழுந்தது. சில நாட்களுக்குள் அவ்வழிகாட்டல் திருத்தப்பட்டது. ஓர் எண்ணைக் கொண்டு ஒருவருக்கு வேண்டியதை அறிந்து கொடுக்கலாம். அதே எண்ணைக் கொண்டு அவரைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் செய்யலாம்.

நம் முதியோர் இதனை நூலறிவின்றியே அறிவர். கால் தள்ளாடுகிறது என்று சொன்னால் கோயிலுக்கு விடமாட்டார்கள். கண் தெரியவில்லை என்று சொன்னால் அடுப்படிக்கு விடமாட்டார்கள். விழுந்ததைச் சொன்னால் வீட்டைப் பூட்டித் தங்களை எங்கேனும் கொண்டுபோய் விடுவார்கள் என்று அஞ்சுகின்றனர். ஆதலால் விழுந்த காயத்தைச் சேலைத் தலைப்பால் மறைக்கின்றனர். இவ்வச்சம் நீங்காதவரை எந்தச் சோதனையும் உண்மையைக் காட்டாது. நாம் கேட்பது அவர்களிடமிருந்து எதனையும் பறிப்பதற்கன்று என்பதை, முதலில் ஒன்றைக் கொடுத்துக் காட்டல் வேண்டும். முற்றத்துக்கு விளக்கு, கிணற்றடிக்குக் கைபிடி, வழுக்காத செருப்பு, பொல்லு என்று ஏதேனும் ஒன்று முன்னே செல்லட்டும். கேள்வி அதன் பின்னே செல்லட்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இயங்கி வருகின்றது. அங்கு படித்து வெளிவருவோர் நம் பிள்ளைகள். ஆயினும், கூட்டம் நிறைந்த கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் ஓராண்டின் மாற்றத்தை எந்த வைத்தியரும் தாமாகக் கண்டுவிட முடியாது. அதனைக் கண்டு சொல்லக்கூடியவர்கள் வீட்டிலுள்ளோர். அவர்களுள்ளும் கூரிய கண் படைத்தவர்கள் மாணவர்களே. ஆகவே, இப்பகுதியை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகின்றோம். ஒரு கொப்பியை எடுத்து, வீட்டிலுள்ள முதியவரின் பெயரை முதற் பக்கத்தில் எழுதுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவருடைய எடையைக் குறியுங்கள். கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து அமரும் நேரத்தைக் குறியுங்கள். எழும்போது பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். இம்மாதம் விழுந்தாரா என்று கேளுங்கள். உட்கொள்ளும் குளிசைகள் அனைத்தின் பெயரையும் எழுதுங்கள். போன மாதம் செய்து இம்மாதம் விட்ட வேலை எது என்று கேட்டு, அதற்கு அவர் சொல்லும் காரணத்தை அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியும் உடன் செல்லட்டும்.